பயனாளி கடிதம்

“பதினேழாம் பக்கத்தை இன்னொருக்கா படிங்கம்மா. நிதானமா.”

போனில் அரசு நிதி அலுவலக அதிகாரி கிருபாசங்கர் இப்படிச் சொன்னதும் பழனியாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சங்கத்தின் விதிகளை மறுபடியும் வாசித்தாள். மூன்று வாரமாக இதே கூத்துதான். பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை, தீர்மான நகல் என்று அவள் அனுப்பிய நாற்பது பக்கத்தையும் அந்த மனுஷன் அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஸ்கேன் பண்ணி அனுப்பினது என் கம்ப்யூட்டர்ல சரியா வர்றதில்லீங்க” என்று முதல் நாளே காரணம் சொல்லியிருந்தார்.

போனை வைத்ததும் சங்கத்தின் பொருளாளர் சாஜிதா பேகம் சிரித்தாள். “அவருக்குப் படிக்கச் சோம்பல்க்கா. உங்களை ரேடியோ ஆக்கிட்டாரு.”

“நிதி வேணுமே, என்ன பண்றது?”

வேண்டும்தான். சூலூரில் ஏழு பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. போட்டித் தேர்வு எழுதும் பார்வையற்றவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் இலவசமாக அனுப்புவார்கள். பழனியாத்தாள் வீட்டுச் சமையலறைதான் ஸ்டூடியோ. குக்கர் விசிலும் காக்காய்ச் சத்தமும் பாடத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். ஒருமுறை அரசியலமைப்புப் பாடத்தின் நடுவே, “இருங்க கண்ணு, பால் பொங்குது” என்று அவள் எழுந்து ஓடியதுகூட அப்படியே போய்விட்டது. சாஜிதா இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்வாள்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டு விசைத்தறி இறக்குகிறார். அப்புறம் சமையலறையில் வாயே திறக்க முடியாது. சத்தம் புகாத சின்ன அறை ஒன்று கட்ட அரசு நிதி கொடுத்தால் சங்கம் பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன்.

“எல்லாம் சரியா இருக்குதுங்கம்மா. ஒண்ணுதான் பாக்கி. உங்க பதிவைக் கேட்டுப் படிச்சு வேலைக்குப் போன ஒருத்தரோட கடிதம் வேணும்.”

“சார், நாங்க அனுப்பறதோட சரிங்க. அது போன் விட்டு போன் போயிருது. யாரு கேக்கறாங்க, யாரு பாஸ் பண்றாங்கன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“விதியில இருக்குதுங்களே.”

பொறுமை போய்விட்டது. “ஏனுங்க சார், மூணு வாரமா தொண்டை வத்தப் படிக்க வெச்சுப்போட்டு, இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படிங்க?”

“உங்க ஃபைலை இனி நான் பாக்க முடியாதுங்கம்மா. வேற ஆபீசருக்கு மாத்தச் சொல்லி எழுதிட்டனுங்க. காரணத்தை நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்.”

போன் துண்டிக்கப்பட்டது. பழனியாத்தாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“என் வாய்தான் சாஜிதா! எட்டு வருசம் கட்டிக் காத்ததை ஒரே நிமிசத்துல கெடுத்துப்போட்டேன்.”

“நாளைக்கு வரட்டும்க்கா. காலைப் புடிச்சாவது கேட்டுப் பாக்கலாம்” என்றாள் சாஜிதா.

மறுநாள் பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. பழனியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சொல்ல வேண்டிய மன்னிப்பை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆட்டோக்காரரின் கையைப் பிடித்து இறங்கினார். மடித்து வைத்திருந்த வெள்ளைக் குச்சியை விரித்துத் தரையைத் தட்டிக்கொண்டே வந்து, பையிலிருந்து ஒரு தாளை நீட்டினார்.

“கிருபாசங்கருங்க. கடைசியா இதையும் படிச்சுக் காட்டிருங்கம்மா.”

பழனியாத்தாள் வாங்கி வாய்விட்டுப் படித்தாள்.

“பயனாளி கடிதம். இந்தச் சங்கத்தின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் படித்துத்தான் நான் அரசு வேலைக்கு வந்தேன். பயனாளியே கோப்பைப் பரிசீலிக்கக் கூடாது என்பதால், இதை வேறு அலுவலருக்கு மாற்றும்படி…”

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. சாஜிதா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

“இதோட ஃபைல்ல ஒரு குறையும் இல்லீங்க, ரூமு வந்துரும்” என்ற கிருபாசங்கர், பழனியாத்தாளின் குரல் வந்த பக்கமாய்க் குனிந்தார். “முதல் நாளே குரலைக் கண்டுபுடிச்சுட்டனுங்க. மத்த பேப்பரெல்லாம் சரியாகட்டும்னுதான் வாயைத் திறக்கலை. அஞ்சு வருசமா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருக்கறேன்… அன்னிக்கு அந்தப் பால் பொங்கிப் போச்சுங்களா, இல்லீங்களா?”