ஸ்டெல்லாவுக்கு ஒரு சேணம்

"குதிரை போட்டோ அனுப்பாம சேணம் தர்றதா இல்ல மேடம்" என்றார் போனில் கஜபதி.

ஷாரனுக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் விளம்பரம் போட்டு விற்கப்போவது ஒரு பழைய சேணம். அதற்குப் பெண் பார்க்கிற மாதிரி முகம் தெரிய ஒன்று, முதுகு தெரிய ஒன்று என்று போட்டோ கேட்கிறாரே மனுஷன்.

அந்தப் போட்டோவை வைத்தே 'குதிரை விற்பனைக்கு' என்று போட்டு ஊரை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அனுப்ப முடியாது, வேண்டுமானால் நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வைத்த பிறகுதான் பயம் வந்தது. தேவை அவளுடையது ஆயிற்றே.

வானகரத்தில் ஃப்ளாட், அம்பத்தூரில் ஐ.டி. வேலை, பூந்தமல்லி தாண்டி மோகனின் லாயத்தில் ஒரு குதிரை. இதுதான் ஷாரன். கடற்கரையில் சவாரிக்கு ஓடிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவை, அதன் முதுகுப் புண்ணைப் பார்த்து மனசு கேட்காமல் போன வருஷம் வாங்கி வந்திருந்தாள். புண் ஆறிவிட்டது. சேணம்தான் அமையவில்லை.

தோள் மேடு, முதுகு பள்ளம், விலா அகலம். அப்படி ஒரு உடம்புவாகு ஸ்டெல்லாவுக்கு. சாதாரணச் சேணத்துக்குள் இருக்கும் மரச்சட்டம் ஒரு பக்கம் குத்தும், இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சட்டமே இல்லாத சேணம்தான் இதற்கு ஒத்துவரும் என்றார் கால்நடை டாக்டர். வெளிநாட்டுச் சரக்கு வாங்கும் காசில் இன்னொரு குதிரையே வாங்கிவிடலாம். ஆன்லைனில் மலிவாக வந்த ஒன்றோ, ஏறிய வேகத்தில் சரிந்து அவளைச் சேற்றில் உட்கார வைத்தது.

மோகனும் பொறுத்துப் பார்த்துவிட்டார். சவாரி கற்க வரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்டெல்லா நடந்தால்தான் அவருக்குத் தீனி கட்டுப்படியாகும்.

"மாசக் கடைசி வரிக்கும் பாக்கறேன். அப்புறம் வித்துடு. பீச்சுல கேட்டுகினு கீறாங்க" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

மறுபடி பீச் என்றால் மறுபடி புண்.

கஜபதியின் பெயரைச் சொன்னதும் மோகன் சிரித்தார். சேக்காட்டு ஆள்தானே, வருஷக்கணக்காக ஒரே விளம்பரத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார், யாருக்கும் கொடுத்தபாடில்லை என்றார். திருமழிசையில் ஒருவர் கூப்பிட்டதற்குப் போய், கேட்டிலிருந்து குதிரையைப் பார்த்துவிட்டு, மூட்டையைக்கூட அவிழ்க்காமல் திரும்பினாராம். கேட்டதற்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்ற திருநின்றவூர்க்காரருக்கும் இல்லை என்றுவிட்டாராம்.

"அவுரு சேணத்துக்கு ஏத்த குதிர ஊர்லயே இல்லியாம். அவ்ளோ கெத்து" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்சீட்டில் சாக்கு மூட்டை கட்டிய பழைய பைக்கில் கஜபதி வந்து இறங்கினார். வெளுத்த சட்டை, நாலு நாள் தாடி. திரும்பிப் போனால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று ஷாரன் தயாராக நின்றாள்.

கஜபதி கேட்டருகிலேயே நின்றார். ஸ்டெல்லாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் மூட்டையை அவிழ்த்தார். மோகனின் சிரிப்பு அத்தோடு நின்றது.

உள்ளே சட்டமே இல்லை. மெத்தென்ற தோல், அடியில் கம்பளி, முதுகெலும்பு படாமலிருக்க நடுவில் ஒரு வாய்க்கால். அவர் தூக்கி வைத்ததும் அது ஸ்டெல்லாவின் முதுகோடு முதுகாகப் படிந்துகொண்டது. வார் இழுக்கும்போது கடிக்க வருகிற குதிரை அன்றைக்கு நல்ல பிள்ளையாக நின்றது.

ஷாரன் ஏறினாள். ஒரு சுற்று வந்தாள். சரியவில்லை, குத்தவில்லை. அடுத்த சுற்றில் ஸ்டெல்லா தானாகவே துள்ளி ஓட, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி இவளை யாருக்கும் விற்க வேண்டாம்.

இறங்காமலே விலை கேட்டாள்.

"துட்டு இன்னாத்துக்கு மேடம். வெச்சிக்கோங்க" என்றார் கஜபதி.

சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன், என்ன விஷயம் என்று சொல்லுங்கள் என்றாள் ஷாரன் விறைப்பாக.

அவர் அவளைப் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டார்.

"அஞ்சல."

ஸ்டெல்லாவின் காது இரண்டும் திரும்பின. முதுகில் ஷாரன் இருப்பதையே மறந்தவளாக நடந்துபோய் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அஞ்சலை என்ற பெயரில் ஆவடிப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கெல்லாம் போன குதிரை அது. அந்த முதுகுக்காகவே அளவெடுத்துத் தைத்த சேணம் இது. கொரோனாவில் கல்யாணங்கள் நின்று, தீனிக்கு வழியில்லாமல், பட்டினி போடுவதைவிட மேல் என்று ஒரு தரகரிடம் விற்றிருந்தார் கஜபதி. பிறகு தேடிப் போனபோது தரகரையும் காணோம், குதிரையையும் காணோம்.

ஷாரன் கீழே இறங்கி, திருப்பி வேண்டுமா என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"ஊட்டாண்ட எடம் இல்ல மேடம். இங்க நல்லா கீறா. அது போதும்."

ஞாயிறுதோறும் நீங்கள் வந்துதான் ஆக வேண்டும் என்று கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தாள். மோகனும் தலையாட்டினார். கஜபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குதிரையத் தேடுறேன்னே விளம்பரம் போட்டிருக்கலாமேண்ணே?" என்றாள் ஷாரன்.

"தேடறேன்னு போட்டா, திருப்பிக் கேப்பேன்னு பயந்துகினு மறைச்சிருப்பாங்கோ மேடம். சேணம்னு போட்டா, அவ முதுகு நோவுதேன்னு கவலப்படறவங்க மட்டும்தான் வருவாங்கோ."