ஏட்டையாவின் ஈரத்துணி

ஏட்டு துரைராசுவுக்கு அந்த வாரம் ஸ்டேஷனில் இரண்டே வேலை. கரும்பலகையில் பெயர் எழுதுவது, பிறகு ஈரத்துணியால் அதைத் துடைப்பது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை வெளியே சொன்னால் திருந்துவார்களா என்பதே இன்னும் தீராத விவகாரம்.

திருந்துவார்கள் என்று நம்பியவர் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களின் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாவற்றையும் எழுதி ஸ்டேஷன் வாசலில் வைக்கச் சொல்லிவிட்டார். நேர் எதிரே அரசாங்க மதுக்கடை. வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நின்று படிக்க வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை பதினோரு பெயர்கள் எழுதினார் துரைராசு. ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரின் மச்சினன் பெயர் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். அதுவும் சரிதான் என்று அவர்கள் ஆளின் பெயரும் போயிற்று. அந்த ஊரில் கட்சி பேதம் பார்க்காமல் நடந்த காரியம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பழைய மிராசு வீட்டுப் பேரனுக்காக வக்கீலே நேரில் வந்தார். கோர்ட்டு தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒருத்தனைக் குற்றவாளி மாதிரி எழுதிவைப்பது தப்பு என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் பேரன் பெயரைத் துடைத்ததும் வக்கீல் காரில் ஏறிப் போய்விட்டார். மற்றவர்களுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

'வீரையன், த/பெ முருகையன்' என்று ஒரு பெயர். அப்படி ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். மூன்று பேர் வந்து, தான் இல்லை என்று சண்டை போட்டார்கள். பிடிபட்ட நாலாவது வீரையன் டீக்கடையில் நின்று, "எவன்யா அந்த மானங்கெட்டவன்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான். சந்தேகத்தின் பலனை நாலு பேருக்கும் கொடுத்து அதையும் துடைத்தார் துரைராசு.

வெள்ளிக்கிழமை பலகையில் மூன்று பெயர்கள்தான் மிச்சம். போன் பண்ண ஆளில்லாதவர்கள் அந்த மூன்று பேர்.

அன்று மத்தியானம் காத்தாயி வந்தாள். நடவு வயலில் இருந்து நேராக வந்திருக்கிறாள், காலில் சேறு காயவில்லை. உள்ளே வராமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துரைராசுவுக்கு எரிச்சலாக வந்தது. கட்சிக்காரர்களிடமும் வக்கீலிடமும் பேச முடியாததையெல்லாம் இவளிடம் பேசினார். குடிக்கிறபோது தெரியவில்லையா, ரோட்டில் போகிறவன் உயிர் உயிரில்லையா, இப்போது மானம் போச்சு என்று ஓடி வந்தால் ஆயிற்றா என்று ஒரு பாட்டம் திட்டி முடித்தார்.

"சரி, புருஷன் பேரச் சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கட்டிய நாளாகப் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. "ஆரூர்த் தேர்ல வருவாருல்லங்க சாமி, அவரு பேருதாங்க."

"தியாகேசனா?" ஏட்டு பலகையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஸ்கூல் வேன் ஓட்டுறவன்தானே? அவன் பேர முந்தாநாளே அழிச்சாச்சும்மா. ஸ்கூல்லேருந்து மேனேஜரே போன் பண்ணாரு. ஏழு வேன் ஓடுது, ஒரு டிரைவரால எல்லாத்துக்கும் கெட்ட பேருன்னாரு. நிம்மதியா வீட்டுக்குப் போ."

காத்தாயி நகரவில்லை.

"அழிச்சது தெரியுங்க ஐயா. திரும்ப எழுதணும்னு கேக்கத்தான் வந்தேன்."

ஏட்டுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று சந்தேகம். அவள் நிதானமாகத் திரும்பவும் சொன்னாள். கேஸ் போட்டபோது புருஷன் அசையவில்லை. அபராதம் கட்டிய அன்றைக்கே குடித்தான். பலகையில் பெயர் இருந்த இரண்டு நாள் மட்டும்தான் தலையைக் குனிந்துகொண்டு, குடிக்காமல் போய் வேனை எடுத்தான். பெயரை அழித்த அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னிக்குக் காலையிலயும் போட்டுக்கிட்டுத்தாங்க போனாரு. பதினேழு புள்ளைங்க ஐயா. எனக்கு நாத்துல கை வைக்க முடியல."

"பேர எழுதினா வேலை போயிடும், தெரியுமில்ல? சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"நான் நடவுக்குப் போறேங்க. வாய்க்கால்ல வேன் கவுந்தா அப்புறம் எந்தச் சோறு உள்ள எறங்கும்?"

துரைராசு ஈரத்துணியை மடித்து ஜன்னலில் வைத்தார். மேனேஜருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இவளுக்காக அதை மாற்ற முடியாது. சும்மா அனுப்பவும் மனம் வரவில்லை. பெற்ற வயிறு பதறுகிறது, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தார்.

"ஒம் புள்ளையும் அந்த வேன்லதான் போவுதாம்மா?"

"எங்க புள்ள கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவுதுங்க," என்றாள் காத்தாயி. "போலீஸ் லைன் வாசல்ல, தெனம் அந்த வேன்ல முத ஆளா ஏறுறது உங்க பாப்பாதாங்க."