மணி அடிக்கட்டும்

"செண்பகம், அதைக் கழட்டித் தொலை!"

துரைக்கண்ணு மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் அதில் கட்டியிருந்த பட்டையை மறுகையால் இறுக மூடிக்கொண்டாள். தேர்வு மையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு வியர்வை தாரையாக வழிந்தது. உள்ளே மகள் மகிழினி கணிதத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் அதே பட்டை. இருவரும் அதைக் கட்டியிருக்கும்வரை மகளின் பயமெல்லாம் தாய்க்கு வந்துவிடும். பரீட்சை நாளில் ஊரெல்லாம் இதுதான் வழக்கம்.

"கழட்டினா பயம் புள்ளைக்கே திரும்பிடுங்க. மணி அடிக்கட்டும்."

"மத்த அம்மாக்கள் ஜாலியா அரட்டை அடிக்கிறாங்களே!"

"அவங்க புள்ளைங்க படிச்சிருக்கும்" என்று சிரிக்க முயன்றவள், மயங்கிச் சரிந்தாள்.

தண்ணீர் தெளித்தான். கண்ணைத் திறந்தாள். 'அப்பாடா' என்று அவன் நிமிர்வதற்குள் அவள் உடல் ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு அசையவே இல்லை.

மணி அடித்தது. மகிழினி பேனாவை மூடியபடி நிதானமாக வந்தாள்.

"ஜன்னல் வழியா பார்த்தேன்பா, அம்மா விழுந்ததை. அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சேன்னு உயிரே போற மாதிரி ஒரு பயம் வந்துச்சு. அடுத்த நொடியே அந்தப் பயத்தைக் காணோம். மிச்சக் கணக்கையும் போட்டு முடிச்சிட்டேன்."