குண்டானில் நடுங்கிய தண்ணீர்

இப்போதெல்லாம் ஆட்கள் எதையும் ஒரு தரம் சோதித்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிறார்கள். ஒச்சப்பனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. புது மோட்டார் வண்டியின் கியரையும் ஸ்பிரிங்கையும் சோதிக்க மலைக்கு வந்திருந்த எஞ்சினியர்கள், ஆள் கனத்துக்கு மணல் மூட்டைகளையும், நடுவில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய குண்டானையும் ஏற்றிக்கொண்டு வளைவுகளில் சுற்றிவிட்டு வந்து நின்றார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீங்களா பெரியவரே? மகளைத் தாராளமா ஏத்துங்க. கட்டை வண்டியில கொண்டுபோனா ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே பேரன் இறங்கிருவான்" என்று சிரித்தார் எஞ்சினியர் நீலமேகம்.

நிறைமாத வீரம்மா காலையிலிருந்தே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"வண்டிதான் நின்னுருச்சே சாமி. இது எதுக்கு இன்னும் நடுங்குது?"

நீலமேகத்தின் சிரிப்பு நின்றது. குண்டானைத் தூக்கித் தரையில் வைத்தார். தண்ணீர் அங்கேயும் நடுங்கியது; நடுங்கியது வண்டியல்ல, மலை.

"நடுங்குனா நடுங்கிட்டுப் போகுதுப்பா, என்னால தாங்க முடியல" என்று சொல்லிக்கொண்டே வீரம்மா, மணல் மூட்டையை இறக்கிக் காலியாக்கிய இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்தாள். "நீங்களும் ஏறுங்க."

"எனக்குக் கால் இருக்கு. மலை நடுங்குறப்ப வேகமா ஓட்டுனா பாதை சரிஞ்சிரும்."

ஒச்சப்பன் ஆஸ்பத்திரி இருக்கும் அடிவாரத்தைப் பார்த்து நடந்தார். ஒற்றை வண்டி போகிற பாதை; அவர் நடுவிலேயே நடந்தார். பின்னால் ஹாரன் அலறியது, பிறகு மகள் அலறினாள். அவர் ஒதுங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மோட்டார் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு அவர் நடைக்கு ஊர்ந்து வந்தது.