துரை வரைந்த வாள்

"சிரிக்காதடா அமெசியான். மூஞ்சில கோவம் வேணும். நீ இப்ப சண்டைக்காரன், செம்புப் பட்டறைக்காரன் இல்ல."

உதட்டை இறுக்கிக்கொண்டு வாளை மறுபடி ஓங்கினேன். மூன்று நாளாகப் படத்துக்காக இப்படியே நிற்கிறேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது.

அல்ஜியர்ஸில் எங்கள் மலை ஆட்கள் காய்கறிக் கத்தியைவிட நீளமாக எதை வைத்திருந்தாலும் சிறை. ஓவியர் மொர்வான் துரையின் மாடியில் மட்டும் வாளைப் பிடித்து நின்றால் கூலி.

படம் பிரெஞ்சுத் தளபதிக்கு. இரண்டு வருடம் முன்பு எங்கள் மலையை அடக்கியவர். பாரிஸில் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு சுவரையே இதற்காகக் காலியாக வைத்திருக்கிறாராம். காட்டுமிராண்டி எவ்வளவு பயங்கரமாக இருக்கிறானோ, அடக்கியவருக்கு அவ்வளவு பெருமை.

வெறும் வாள் எடுபடவில்லை என்று துரைதான் என்னை அதில் ஏதாவது செதுக்கச் சொன்னார். அரபியில் ஒரு துஆ, வீட்டைக் காக்கும் பிரார்த்தனை, செதுக்கியிருக்கிறேன் என்றேன். அவருக்கு அரபி ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கண்ணில் பட்டதைப் புள்ளி பிசகாமல் துணியில் இறக்கிவிடுவார். அந்த விஷயத்தில் மனிதரைக் கும்பிடலாம்.

பதினாறு சொற்களை வரைந்து முடித்தவர் தூரிகையைத் தாழ்த்தினார்.

"கண்ணு வலிக்குது. கடைசிச் சொல்லைச் சும்மா கிறுக்கி விட்டுடறேன். பாரிஸ்ல இதை யாரு படிக்கப் போறா?"

வேறு எதைக் கிறுக்கினாலும் அதைக் கிறுக்கக் கூடாது.

"அரைகுறை துஆ வீட்டுக்கு ஆகாது துரை. தளபதி குடும்பத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

துரை முனகினார். பிறகு ஆகச் சன்னமான தூரிகையைத் தேடி எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. வாளைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் அருகே போனேன். கடைசிச் சொல் இன்னும் ஈரமாக இருந்தது.

லூனிஸ்.

என் தம்பி. எங்கள் ஊரில் கோதுமை அடிக்கிற களம் ஒன்று உண்டு. அங்கே தளபதி வரிசையாக நிற்க வைத்துச் சுடச் சொன்ன பதினேழு பேரில் கடைசியாக நின்றவன். மற்ற பதினாறு பேரின் பெயர்களும் வாளில் அதே வரிசையில் அவனுக்கு முன்னால் இருந்தன.

அவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு கல் நட எங்களை விடவில்லை.

இனித் தளபதி ஒவ்வொரு வேளையும் அவர்கள் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அரபி படித்த ஒருவன் என்றைக்காவது அந்த மேசைக்கு விருந்துக்கு வராமலா போவான்?

மறுபடியும் சிரித்துவிட்டேன். வேலை முடிந்துவிட்டதால் துரை திட்டவில்லை.