அயற்பொருள்

"ஏம்மா முத்துத்தாய், நாலரை பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு. தாளை முடிச்சியா இல்லையா?"

முதலாளி ஆண்டிச்சாமி கேட்டபோது அவள் எட்டாவது வரியில் நின்றுகொண்டிருந்தாள்.

உசிலம்பட்டி விதைச் சங்கத்துக்குப் போக வேண்டிய பிளாப்பி மேசை மேல் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது என்று சொல்லும் தமிழ்த் தாளை எழுதுவது அவள் வேலை.

அவர் எழுதிக் கொடுத்த 'நெகிழ்வட்டு' என்பதைப் 'பிளாப்பி' ஆக்கியிருந்தாள். 'உட்செலுத்துக' என்பது 'மெதுவாக உள்ளே தள்ளுங்கள்' ஆகியிருந்தது. அதற்கெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாவது வரி: 'காந்தப் பரப்பில் அயற்பொருள் படலாகாது.'

அதை அடித்துவிட்டு எழுதினாள்: 'பிளாப்பியில் சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள்.'



போன மாதம் அனுப்பிய பிளாப்பி ஓடாமல் திரும்பி வந்துவிட்டது. அதன் திறப்பில் சிவப்புப் பொடி அப்பியிருந்தது. சங்கத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கருத்தக்கண்ணன், 'நான் எதுவும் வைக்கவில்லை' என்று இன்லண்டு லெட்டரில் எழுதியிருந்தான். கல்யாணமாகி நாலு மாதந்தான் ஆகிறது, வேலைக்கு உலை வைத்துவிடாதீர்கள் என்றும் கெஞ்சியிருந்தான்.

யாரும் நம்பவில்லை.

அவனை மாற்றச் சொல்லி ஆண்டிச்சாமி கையெழுத்திட்ட கடிதமும் இதே பார்சலில்தான் போகிறது.

தாளை வாங்கிப் படித்தவர் சிரித்துவிட்டார்.

"என்னம்மா, கோயில் நோட்டீஸா அடிக்கிறோம்? இனிமே அங்க வரப்போறவன் ஒன்னைய மாதிரி பி.எஸ்ஸி. படிச்ச பய. படிச்சவுக யாராச்சும் மெஷின் சாமானுக்குப் பொட்டு வைப்பாகளா?"

முத்துத்தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

"சொல்லும்மா, யாருக்கு இந்த வரி?"

வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

அவள் பார்சலுக்குள் கை விட்டு, கருத்தக்கண்ணனைப் பற்றிய கடிதத்தை உருவி எடுத்தாள்.

"எனக்குத்தான் சார். போன பார்சல் கட்டுன அன்னைக்கு வெள்ளிக்கிழமை. நம்ம ஆபீஸ்ல இருந்து மொதமொதப் போறது, நல்லபடியா ஓடணுமேன்னு..."