பசியில்லாத மோலி

எட்டு வருடமாகப் பரணில் கிடந்த மீன் தொட்டியை தேவசகாயம் மறுபடி இறக்கிக் கழுவி, கப்பி, மோலி, டெட்ரா என்று கலந்து மீன்களை விட்டார்.

"முன்னாடி இருந்தவங்க எங்கேண்ணே?" என்று கப்பி தொட்டியிலேயே இருந்த பழைய ஃபில்டரிடம் கேட்டது.

"செத்துட்டாங்க. கண்ணாடிகிட்ட யார் வந்தாலும் பசின்னு நினைச்சு இவர் தீனியைக் கொட்டுவார். தின்னு தின்னே போனாங்க."

கண்ணாடிப் பக்கமே போவதில்லை என்று மீன்கள் சத்தியம் செய்தன.

மாலையில் தேவசகாயம் தீனி டப்பாவோடு வந்தார். மற்ற மீன்களெல்லாம் செடிக்குள் ஒளிந்தன. மோலி மட்டும் கண்ணாடிக்கு ஓடியது. தீனி கொட்டியது.

"அறிவிருக்கா? எதுக்குப் போனே?" என்று கப்பி கத்தியது.

"பசியில்லன்னு சொல்லத்தான்," என்றது மோலி, வாய் நிறைய மென்றபடி. "அவருக்குச் சரியாக் கேக்கல போல. இன்னொரு தடவை சொல்லிட்டு வரேன்."